ஓலைக் கணக்கிலிருந்து இணையக் கணக்கு வரை

நம் கல்விச் சங்கம் தன் இருபத்தைந்தாம் ஆண்டை நிறைவு செய்யும் இவ்வேளையில், இளைஞர் பலர் நம்மிடம் கேட்டு வரும் ஒரு வினாவை எடுத்துக்கொண்டு, அதனை வரலாற்றின் துணைகொண்டு ஆராய விழைகின்றோம். செங்கற்பட்டு, திருக்கழுக்குன்றம், திருப்போரூர், மாமல்லபுரம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த சேரிகளிலிருந்தும் காலனிகளிலிருந்தும் கல்லூரிக்குச் செல்லும் நம் பிள்ளைகளுள் வணிகவியல் பயில்வோர் இன்று பெருகியுள்ளனர். கணக்குப்பதிவியல் பாடத்தின் வீட்டுப் பயிற்சியை நோட்டில் கோடு போட்டுக் கையால் எழுதுவது நன்றா, இணையத்தின் வழியே கணினியிலோ கைபேசியிலோ செய்து அனுப்புவது நன்றா என்பதே அவ்வினா.

மேலோட்டமாகப் பார்ப்போர்க்கு இது சிறு வினாவாகத் தோன்றலாம். ஆனால் கணக்கை யார் எழுதினர், யார் படித்தனர், யார் கைநாட்டு வைத்தனர் என்பதே நம் மக்களின் வாழ்வையும் தாழ்வையும் தீர்மானித்து வந்திருக்கின்றது. ஆதலின் நம்மைப் பொறுத்தவரை இது எழுதுகருவியைப் பற்றிய வினா மட்டுமன்று.

ஓலையில் எழுதப்பட்ட மாவட்டம்

கணக்கின் வரலாற்றைக் கற்க விரும்புவோர்க்குச் செங்கற்பட்டைப் போல் வாய்த்த நாடு அரிது. 1763-ஆம் ஆண்டு ஆர்க்காட்டு நவாபிடமிருந்து செங்கற்பட்டுச் சீமையை ஜாகீராகப் பெற்ற ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார், அதன் வருவாயை அறிந்துகொள்ளும் பொருட்டுத் தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளரைக் கொண்டு 1767 முதல் 1774 வரை ஊர்தோறும் அளவெடுப்பித்தனர். ஏறத்தாழ 2,000 ஊர்களின் நிலம், ஏரி, வீடு, தொழில், மானியம், விளைச்சலில் இன்னார்க்கு இவ்வளவு என்னும் பங்கு ஆகியவை அவ்வாய்வில் பதிவாயின. அப்பதிவுக்கு அடிப்படையாக நின்றவை ஊர்க்கணக்கர் எழுதி வைத்திருந்த பனையோலைக் கணக்குகளே.

அக்கணக்கில் நம் முன்னோரும் இடம் பெற்றிருந்தனர். வெட்டியான் என்றும் தலையாரி என்றும் ஊர்ப்பணி செய்தோர்க்குக் களத்தில் அளக்கப்படும் நெல்லின் பங்கு அதில் குறிக்கப்பட்டிருந்தது. நீர் பாய்ச்சியவரும் களம் காத்தவரும் நம்மவர். ஊர் எல்லையில் வழக்கு நேர்ந்தால் எல்லையை நடந்து காட்டிச் சான்று கூறும் பொறுப்பும் தொண்டை நாட்டில் நம் முன்னோர்க்கு இருந்தது. நிலத்தைக் காலால் அறிந்தவர் நம்மவர். அந்த அறிவை ஓலையில் எழுதிக்கொண்டவர் வேறொருவர். இந்த வேறுபாட்டிலிருந்தே நம் கதை தொடங்குகின்றது.

இதே கடற்கரையில் வேறொரு கணக்கு முறையும் வந்திறங்கியது. மாமல்லபுரத்திற்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் துணி வாணிபம் நடத்தினர். அவர்தம் வணிகக் குழுமம் தன் கிடங்குகளில் குறிப்பேடும் பேரேடும் வைத்துக் கணக்கெழுதும் ஐரோப்பிய வழக்கத்தைக் கொண்டிருந்தது. இன்று நம் பிள்ளைகள் கல்லூரியில் கற்கும் இரட்டைப் பதிவு முறை அதுவே. இடிந்த கோட்டையைக் காணச் செல்லும் இளைஞர், பீரங்கியோடு பேரேடும் அங்கே காலூன்றிற்று என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

திண்ணையும் வீட்டுக் கணக்கும்

வீட்டுப் பயிற்சி என்பது கல்லூரி தோன்றிய பின் வந்த புதுமையன்று. பழைய திண்ணைப் பள்ளியில் மாணவன் மணலில் விரலால் எழுதிப் பழகிப் பின் ஓலையில் எழுத்தாணி பிடித்தான். எண்சுவடி, நெல்லிலக்கம், பொன்னிலக்கம், குழிமாத்து ஆகியவற்றை உரக்கச் சொல்லிச் சொல்லி மனத்தில் பதித்தான். நம் பழங்கணக்கில் காணி என்பது எண்பதில் ஒரு பங்கு. மா என்பது இருபதில் ஒரு பங்கு. முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. இப்பின்னங்களைக் கொண்டு நிலமும் நெல்லும் கூலியும் கணக்கிடப்பட்டன. மாலையில் பள்ளி கலையும்போது ஆசிரியர் சில கணக்குகளைச் சொல்லி விடுவார். மாணவன் அவற்றை வீட்டில் மனக்கணக்காகப் போட்டு மறுநாட் காலையில் விடை கூறுதல் வேண்டும்.

அந்தப் பயிற்சிக்கு நோட்டும் இல்லை, கருவியும் இல்லை. ஆயினும் அது எல்லார்க்கும் எளிதாகக் கிட்டியதா? 1822-ஆம் ஆண்டு சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ ஒவ்வொரு மாவட்டத்திலும் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தனர். அக்கணக்கெடுப்பின் படிவத்தில் பிராமணர், வைசியர், சூத்திரர், முசல்மான் என ஒவ்வொருவர்க்கும் தனித்தனிக் கட்டம் இருந்தது. நம் மக்களுக்கெனத் தனிக் கட்டம் இல்லை. 'பிற சாதியார் அனைவரும்' என்னும் ஒரே கட்டத்துள் அவர்கள் அடங்க வேண்டியதாயிற்று. கணக்கில் தனிப்பெயர் இல்லாதவனைத் தேடிக் கண்டுபிடிப்பது பின்வந்தோர்க்கு எளிதாக இருக்கவில்லை.

எழுதியவர் யார், எழுதப்பட்டவர் யார்?

கம்பெனி ஆட்சி ஊர்க்கணக்கரின் பதவியை 1802-ஆம் ஆண்டின் 29-ஆம் ஒழுங்குமுறைச் சட்டத்தால் உறுதி செய்தது. கர்ணம் எனப்பட்ட அப்பதவி தந்தையிடமிருந்து மைந்தனுக்குச் சென்றது. எந்த நிலம் யாருடையது, எது தரிசு, எது புறம்போக்கு, யார் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அவர் எழுதியவாறே ஆயின.

நம் முன்னோருள் பலர் பண்ணையாட்களாகவும் படியாட்களாகவும் உழைத்தனர். அடிமை முறையைச் சட்டம் ஏற்காது என 1843-ஆம் ஆண்டின் 5-ஆம் சட்டம் கூறிவிட்ட பின்னும், கடன் பத்திரம் அம்முறையை வேறுபெயரில் காத்து வந்தது. திருமணத்திற்கென்றோ சாவுச் செலவிற்கென்றோ வாங்கிய சிறு தொகை தீராக் கடனாயிற்று. கடன் கொடுத்தவரே பத்திரமும் எழுதினார். வட்டியும் அவரே கணக்கிட்டார். நம் பாட்டனார் பெருவிரலை மையில் தோய்த்து வைத்தார். அவர்க்குக் கூட்டத் தெரியாது என்பதன்று. களத்து நெல்லை மரக்காலால் அளந்து வாய்விட்டு எண்ணியவர் அவர். எழுதியதைப் படிக்க இயலாமையே அவரைக் கட்டிற்று.

செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராயிருந்த ட்ரெமென்ஹீர் 1891-இல் இம்மாவட்டத்துப் பறையர் நிலை குறித்து விரிவான அறிக்கை ஒன்றை அரசுக்கு எழுதினார். குடியிருக்கும் மனையும் தமக்கு உரிமையில்லாத நிலையையும், தரிசு நிலம் கேட்டு நம்மவர் விண்ணப்பித்தால் மிராசுதாரின் முன்னுரிமையால் அது தடைப்படுவதையும், சிறு கடனால் ஆண்டாண்டாகக் கட்டுண்டு கிடப்பதையும் அவர் எடுத்துரைத்தார். செங்கற்பட்டில் ஆடம் ஆண்ட்ரூ முதலிய சமயப் பணியாளரும் இதற்காக வாதாடினர். அதன் பயனாக 1892 செப்டம்பர் 30-ஆம் நாள் 1010 எண்ணுள்ள வருவாய்த் துறை ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என நாம் இன்று வழங்கும் நிலம் இவ்வாறு கிடைத்ததாகும். அடுத்த ஆண்டு, 1893 பிப்ரவரி முதல் நாள், நம் மக்களின் கல்விக்கென 68 எண்ணுள்ள ஆணையும் வெளியாயிற்று. நிலத்திற்கான ஆணையும் எழுத்திற்கான ஆணையும் நான்கே திங்கள் இடைவெளியில் வந்தமை எண்ணிப் பார்க்கத் தக்கது.

எனினும் நிலம் விரைந்து வந்தது; எழுத்து மெல்ல வந்தது. எழுத்து வருமுன் நிலத்தின் பெரும்பகுதி கைமாறிப் போயிற்று. பஞ்சமி நிலத்தைப் பிற சாதியார்க்கு விற்றல் ஆகாது என விதி இருந்தும், பதிவேட்டில் பெயர்கள் மாறின. ஒருவர் நிலத்தை மற்றொருவர் பெயருக்கு மாற்ற ஒரு வரி போதும்; அதனைத் திரும்பப் பெற ஒரு தலைமுறையும் போதவில்லை. மாமல்லபுரம் பகுதியிலுள்ள காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க நம் மக்கள் எழுந்தபோது, 1994 அக்டோபர் 10-ஆம் நாள் செங்கற்பட்டில் காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் உயிர் நீத்தனர். பதிவேட்டின் ஒரு வரிக்கும் மனித உயிருக்கும் உள்ள தொடர்பை அவ்விருவரினும் தெளிவாக நமக்குக் கற்பித்தவர் இலர்.

கர்ணம் பதவி என்னவாயிற்று என்பதையும் கூறி மேற்செல்வோம். ஊர்ப் பதவிகள் பரம்பரையாகச் செல்வது அரசியலமைப்புக்கு முரண் என்று உச்சநீதிமன்றம் 1960-இல், ஆந்திரத்து வழக்கொன்றில், தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 1980 நவம்பர் 14-ஆம் நாள் அவசரச் சட்டத்தின் வாயிலாகப் பகுதிநேர ஊர் அலுவலர் பதவிகள் ஒழிக்கப்பட்டன. அதன் பின் தேர்வாணையத் தேர்வு எழுதி, இடஒதுக்கீட்டின்படி கிராம நிர்வாக அலுவலர் ஆகும் வழி எல்லார்க்கும் திறந்தது. யாருடைய பெயரைக் கர்ணம் எழுதினாரோ அவருடைய பேரப்பிள்ளைகள் இன்று அடங்கலை எழுதும் இடத்தில் அமர்கின்றனர்.

நம்மவருள் ஒரு கணக்கர்

இவ்வரலாற்றில் ஒளிவிளக்காக நிற்பவர் இரட்டைமலை சீனிவாசன் ஆவார். இம்மாவட்டத்தில் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த அப்பெருமகனார், பொதுவாழ்வுக்கு வருமுன் நீலகிரியில் ஆங்கிலேயர் வணிக நிறுவனத்தில் கணக்கராகப் பணியாற்றியவர் என்பதை நம் மாணவர் பலரும் அறியார். கணக்கேடு எழுதிய அதே கையே 1893 அக்டோபரில் 'பறையன்' இதழைத் தொடங்கிற்று. இந்திய ஆட்சிப் பணித் தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்னும் கோரிக்கை எழுந்தபோது, அதனால் ஒடுக்கப்பட்டோர்க்கு விளையக்கூடிய கேட்டைச் சுட்டி 3,412 பேர் கையெழுத்துடன் 112 அடி நீளமுள்ள மனுவை அவர் திரட்டி அனுப்பினார். 1930-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்தார்.

கணக்கரின் பயிற்சி அவரிடத்தில் விளங்கிய முறையைக் காண்க. கையெழுத்துகளை எண்ணினார், நீளத்தை அளந்தார், குறையைத் தேதியோடு குறித்தார். சான்றின்றிப் பேசாமை என்பது கணக்கேடு கற்பிக்கும் முதற் பாடமாகும்.

பேரேடு கல்லூரிக்கு வந்த வரலாறு

இரட்டைப் பதிவு முறையை அச்சில் முதலில் விளக்கிய நூல் 1494-இல் வெனிஸ் நகரில் லூக்கா பாசியோலி வெளியிட்டது. நம் நாட்டில் வணிகவியற் கல்வி சென்னையிலேயே தொடங்கிற்று. பச்சையப்பன் அறக்கட்டளையினர் 1886-இல் அமைத்த வணிகப் பள்ளியே இந்தியாவின் முதல் வணிகப் பள்ளி எனப் போற்றப்படுகின்றது. விடுதலைக்குப் பின் 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பட்டயக் கணக்கர் கழகம் நிறுவப்பட்டது. செங்கற்பட்டில் அரசு கலைக் கல்லூரி 1970-இல் தோன்றியபின், சென்னைக்கு ரயிலேறிச் செல்ல இயலாத பிள்ளைகளுக்கும் பட்டப் படிப்பு கைக்கெட்டிற்று. லேபர் பள்ளி எனப்பட்ட ஆதிதிராவிடர் பள்ளிகளில் எழுத்தறிந்த தலைமுறையின் மக்கள் அங்கே பேரேடு திறந்தனர்.

கையெழுத்துப் பயிற்சி தருவது

இனி வினாவுக்கு வருவோம். கையால் கணக்கெழுதும் மாணவன் யாது செய்கின்றான்? முதலில் நடவடிக்கையைப் படித்து எக்கணக்கில் பற்று, எக்கணக்கில் வரவு எனத் துணிகின்றான். குறிப்பேட்டில் தேதியும் விவரமும் இட்டு எழுதுகின்றான். பின் அதனைப் பேரேட்டில் உரிய பக்கத்திற்கு எடுத்தெழுதுகின்றான். கணக்குகளை இருப்புக் கட்டி இருப்பாய்வு தயாரிக்கின்றான். இரு பக்கமும் ஒத்து வாராவிடில் வந்த வழியே திரும்பிச் சென்று பிழையைத் தேடுகின்றான். இந்தத் தேடலிலேதான் கல்வி விளைகின்றது.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். கோவளத்து மீன் வியாபாரி ஒருவர் பனிக்கட்டி நிலையத்திடம் 9,600 ரூபாய்க்குக் கடனாகப் பனிக்கட்டி வாங்குகின்றார். பேரேட்டில் எடுத்தெழுதும்போது மாணவன் நிலையத்தின் கணக்கில் 6,900 என இலக்கங்களை மாற்றி எழுதிவிடுகின்றான். இருப்பாய்வில் 2,700 ரூபாய் வேறுபாடு வருகின்றது. 2,700-ஐ ஒன்பதால் வகுத்தால் மீதியின்றி 300 வருகின்றது. அடுத்தடுத்த இரு இலக்கங்கள் இடம் மாறினால் வேறுபாடு எப்போதும் ஒன்பதால் வகுபடும் என்பதை அறிந்த மாணவன், இலக்கம் மாறிய இடத்தைத் தேடத் தொடங்குவான். வேறுபாட்டைப் பாதியாக்கி, அப்பாதித் தொகை எங்கேனும் பற்றுக்குப் பதில் வரவில் ஏறியுள்ளதா என்றும் பார்ப்பான். இந்நுட்பங்கள் பிழை செய்து திருத்தியவன் கைக்கே வரும்.

கணினியிலோ, பற்றும் வரவும் ஒத்தாலன்றிப் பதிவே ஏற்கப்படாது. பேரேட்டிற்கு எடுத்தெழுதுவதும் இருப்பாய்வு கட்டுவதும் தாமே நடந்துவிடும். ஆதலின் இருப்பாய்வு எப்போதும் ஒத்தே நிற்கும். ஒத்து நிற்பதெல்லாம் சரியா? அதே வியாபாரி படகின் பழுது நீக்க 4,000 ரூபாய் செலவிட்டார் என்க. அதனைச் செலவுக் கணக்கில் எழுதாமல் படகுக் கணக்கில் ஏற்றிவிட்டால், சொத்து 4,000 கூடித் தோன்றும். இலாபமும் 4,000 கூடித் தோன்றும். இருப்பாய்வோ ஒத்தே நிற்கும். அடியோடு விடுபட்ட நடவடிக்கையையும் இருப்பாய்வு காட்டாது. எந்திரம் கூட்டலில் தவறாது. கொள்கைப் பிழையை அதனால் அறிய இயலாது. அதனை அறிய வேண்டியவன் மனிதன்.

இணையம் தருவது

இதனால் இணையப் பயிற்சி பயனற்றது என நாம் கூறவில்லை. அதன் நன்மைகளை நடுநிலையோடு எண்ணிப் பார்த்தல் வேண்டும். அறுபது பேர் உள்ள வகுப்பில் ஆசிரியர் ஒவ்வொரு நோட்டையும் அன்றன்றே திருத்தித் தருதல் இயலாது. பத்து நாள் கழித்துத் திரும்பும் நோட்டில் சிவப்பு மையைக் கண்டு மாணவன் கற்பது குறைவு. இணையப் பயிற்சியோ விடையிட்ட மறுநொடியே சரி, தவறு எனக் கூறுகின்றது. மீண்டும் முயலவும் இடம் தருகின்றது. ஒரே கணக்கில் ஒவ்வொரு மாணவனுக்கும் வெவ்வேறு தொகையைத் தருவதால், பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதும் வழக்கமும் தடைப்படுகின்றது. பகலில் வேலைக்குச் சென்று இரவில் படிக்கும் பிள்ளைக்கு அது உற்ற துணை.

நம்மவர்க்கு மட்டும் விளங்கும் மற்றொரு நன்மையும் உண்டு. எந்திரம் மாணவனின் ஊரைக் கேட்பதில்லை. சேரியா, தெருவா என்று பார்ப்பதில்லை. நோட்டின் அட்டையிலுள்ள பெயரைப் படித்துப் புருவத்தை நெரிப்பதில்லை. 'தூய்மை' என்னும் பெயரால் மதிப்பெண் குறைக்கப்பட்ட அனுபவம் நம் முந்தைய தலைமுறையில் பலர்க்கு உண்டு. விடை சரியெனில் மதிப்பெண் என்னும் நேர்மை சிறிதன்று.

தொழில் உலகமும் எந்திரத்தின் பக்கம் சென்றுவிட்டது. 1986-இல் தோன்றிய டேலி நிறுவனத்தின் மென்பொருள் இன்று சிறு கடைகளிலும் வழங்குகின்றது. 2017 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரியின் கணக்கு இணையத்தின் வழியேதான் அளிக்கப்படுகின்றது. கணினி அறியாத கணக்கருக்கு இனி நாற்காலி இல்லை.

குறைகளும் உள. இணையப் பயிற்சியில் கணக்குகளின் பெயர்கள் பெரும்பாலும் பட்டியலாகத் தரப்படுகின்றன. மாணவன் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கின்றான். கட்டங்கள் முன்பே வரையப்பட்டுள்ளன; எத்தனை பத்தி, எங்கே தலைப்பு என்று எண்ண வேண்டிய தேவையில்லை. மூன்று முறை முயலலாம் எனில் இருமுறை ஊகித்துப் பார்ப்பது இயல்பாகிவிடுகின்றது. வழிமுறை சரியாயிருந்து இறுதித் தொகை மட்டும் பிழைத்தவனுக்கும், ஒன்றுமே அறியாதவனுக்கும் ஒரே சுழியம் கிடைப்பதும் உண்டு. நோட்டைத் திருத்தும் நல்லாசிரியர் வழிமுறைக்கு மதிப்பெண் தருவார். இவ்விரு முறைகளுள் எது சிறந்தது என மேலைநாட்டுக் கல்லூரிகளில் நடந்த ஆய்வுகளும் ஒருமுகமான முடிவு தரவில்லை என்பதை இளைஞர் அறிதல் நலம்.

தொற்றுக் காலம் கற்பித்தது

2020 மார்ச்சில் கொரோனா தொற்றினால் கல்லூரிகள் மூடப்பட்டபோது, இவ்வினா ஏட்டளவில் நில்லாமல் நம் வீட்டு வாயிலுக்கு வந்தது. வகுப்பு கைபேசிக்குள் புகுந்தது. ஒரு வீட்டில் ஒரு கைபேசி. அதனைத் தந்தை வேலைக்கு எடுத்துச் சென்றால் வகுப்பும் அவருடன் சென்றது. அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு இருந்தால் யாரேனும் ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். அவர் பெரும்பாலும் தங்கையாகவே இருந்தார். தமிழ்நாடு அரசு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர் 9.69 லட்சம் பேருக்கு நாளொன்றுக்கு 2 ஜி.பி. தரவு வழங்க முன்வந்தது. தரவு அட்டை வந்தது. அதனைப் பொருத்தக் கருவி இல்லாத வீடுகளும் இருந்தன.

அக்காலத்துத் தேர்வு முறையில் ஒரு படிப்பினை உள்ளது. 2021-இல் சென்னைப் பல்கலைக்கழக மாணவர் வீட்டிலிருந்தே தாளில் கையால் விடை எழுதி, அதனைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றி அனுப்பினர். கையும் எந்திரமும் பகைவரல்லர், இணைந்து உழைக்கக் கூடியவை என்பது அப்போது தெளிவாயிற்று. அவ்விணைப்பில் பின்தங்கியவர், எழுதத் தெரிந்தும் ஏற்றி அனுப்ப வழியற்றவரே. திண்ணைக்கு ஏற முடியாதிருந்த நிலை, இணையத்துக்கு ஏற முடியாத நிலையாகத் திரும்பி வந்துவிடாமல் காப்பது நம் சங்கம் போன்ற அமைப்புகளின் கடமையாகும்.

நிலக் கணக்கிலும் இதே நிலையைக் காணலாம். பட்டாவும் சிட்டாவும் இன்று அரசின் இணையதளத்தில் கிடைக்கின்றன. கர்ணத்தின் வீட்டு வாசலில் கைகட்டி நின்று கேட்க வேண்டியதில்லை. இது பெரும் விடுதலையே. ஆனால் 1980-களில் முடிந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்திலும் அதற்கு முன்னும் பழைய பதிவேட்டில் நேர்ந்த பிழைகள், கணினியில் ஏற்றப்பட்டபோது பிழைகளாகவே ஏறின. தனக்குள் இட்டதை எந்திரம் மாற்றாது. இட்டது மெய்யா என்று கேட்கவும் செய்யாது. பழைய 'அ' பதிவேட்டோடு ஒப்பிட்டு, எந்த ஆண்டில் எந்தப் பெயர் மாறிற்று என்று பின்னோக்கித் தேடவல்ல கண் வேண்டும். அக்கண் பேரேட்டுப் பிழையைத் தேடிப் பழகிய கண்ணே ஆகும்.

நாம் செய்யத் தக்கது

ஆகவே நம் முடிவு இதுவாகும்: முதலில் கை, பின்னர் எந்திரம், இரண்டும் ஒருவனிடத்திலேயே. முதலாண்டில் குறிப்பேடு, பேரேடு, துணை ஏடுகள், இருப்பாய்வு, இறுதிக் கணக்கு ஆகிய ஐந்தையும் பிழைதிருத்தம் உட்படக் கையால் எழுதித் தேறுக. அதே கணக்கைப் பின்னர்க் கணினியில் இட்டு, எந்திரம் எப்படியை விழுங்கிக் கொண்டது என்று காண்க. எந்திரம் தந்த விடையைக் கையால் சரிபார்க்க இயன்றவனே அதற்குத் தலைவன். இயலாதவன் அதன் முன் கைநாட்டு வைப்பவன். பெருவிரலை மையில் தோய்த்த பாட்டனின் பேரன், அதே பெருவிரலால் கைபேசியை அழுத்துவதோடு நின்றுவிட்டால், இடைப்பட்ட நூற்றாண்டில் நாம் பெற்றது யாது?

சங்கம் இதற்குச் செய்ய வேண்டுவன சில உள. மாலை வகுப்பு நடக்கும் கூடத்தில் இணைய இணைப்புடன் பொதுக் கணினிகள் இருத்தல் வேண்டும். வீட்டில் கைபேசி இல்லாமை எந்தப் பிள்ளையின் பயிற்சிக்கும் தடையாகக் கூடாது. வணிகவியல் பயின்று வேலையில் அமர்ந்துள்ள மூத்தோர் வாரம் ஒருநாள் வந்து, இளையோர் நோட்டைத் திருத்தித் தருதல் வேண்டும். விரைந்த திருத்தம் எந்திரத்திற்கு மட்டும் உரியதன்று. மனமிருந்தால் நமக்கும் இயலும்.

நம் தாய்மாரிடமிருந்தும் கற்க வேண்டியது உண்டு. 1989-இல் தருமபுரியில் தொடங்கித் தமிழ்நாடெங்கும் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் நம் காலனிகளிலும் உள்ளன. கூட்ட நடவடிக்கை ஏடு, சேமிப்பு ஏடு, கடன் ஏடு ஆகியவற்றைப் பள்ளிப்படிப்பும் முடிக்காத பெண்கள் பலர் பிழையற எழுதி வருகின்றனர். கல்லூரி மாணவி தன் தாயின் குழுக் கணக்கை ஒருமுறை இரட்டைப் பதிவில் எழுதிப் பார்ப்பாளாயின், அதனினும் சிறந்த வீட்டுப் பயிற்சி வேறில்லை. வட்டி எவ்வாறு கணக்கிடப்படுகின்றது, தவணையில் அசல் எவ்வளவு கழிகின்றது என்பது அவள் வீட்டிற்கே பயன்படும்.

இறுதியாக, நம் சங்கத்தின் கணக்கேடே நம் இளைஞர்க்குப் பாடநூலாதல் வேண்டும். 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி ஒவ்வோராண்டும் கணக்கைத் தணிக்கை செய்து பொதுக்குழுவின் முன் வைத்துப் பதிவாளருக்கு அளிக்க வேண்டியது நம் கடமை. இருபத்தைந்து ஆண்டுகளில் உறுப்பினர் தந்த சந்தா, கூலித்தொழிலாளர் தந்த நன்கொடை, பிள்ளைகளுக்கு வாங்கிய நூல், கட்டிய கட்டணம் ஆகியவை யாவும் அவ்வேடுகளில் உள்ளன. வணிகவியல் மாணவர் குழு ஒன்று ஆண்டுதோறும் அவற்றை எடுத்து, கையால் எழுதியதையும் கணினியில் ஏற்றியதையும் ஒப்பிட்டு, ஐயம் எழுந்தால் செயலாளரையே கேட்கும் வழக்கத்தை இவ்வெள்ளிவிழா ஆண்டிலேயே தொடங்குவோமாக. தன் அமைப்பின் கணக்கைக் கேட்டறியாத சமுதாயம் அரசின் கணக்கைக் கேட்கத் துணியாது.

நெடுங்காலம் பிறர் கணக்கில் எழுதப்பட்டவர்களாக வாழ்ந்தோம். இன்று எழுதுவோராகவும் சரிபார்ப்போராகவும் நிமிர்ந்துள்ளோம். இளைஞர்களே, நோட்டையும் திறவுங்கள், கணினியையும் திறவுங்கள், இரண்டிலும் உங்கள் கையும் உங்கள் அறிவும் இருக்கட்டும்.